மழைக்கணக்கு எழுதும் இளைஞர்கள்

வணக்கம்.

விதைப்புக்கு ஏற்ற மழை பெய்கிறது, ஊரே விதைக்கிறது. பயிர் நான்கைந்து இலை விடும் நேரத்தில் மூன்று வாரம் துளி மழை இல்லை. விதையும் உழவுக்கூலியும் மண்ணோடு போகின்றன. பிறகு ஒரே நாளில் கொட்டித் தீர்த்து, மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. காலநிலை மாற்றம் பல ஊர் உழவர்களுக்கு இந்த உருவத்தில்தான் வந்து சேர்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். மண்ணிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சுவதும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுவதும் அதே காற்றுதான்.

இதனால் பெரியவர்களின் அனுபவத்தில் ஒரு பகுதி மட்டும் ஆட்டம் கண்டிருக்கிறது. எந்த மேட்டில் என்ன மண், எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எந்த விதை எதைத் தாங்கும் என்பதெல்லாம் அவர்களிடம் இன்றும் சரியாகவே இருக்கிறது. தவறிப்போனது நாள் கணக்கு. எந்த வாரத்தில் விதைக்கலாம், எப்போது மேலுரம் இடலாம் என்பதற்கு அவர்கள் நம்பியிருந்த பட்டம் இப்போது முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப உள்ளூர் அளவுகள் வேண்டும். அவற்றை எடுக்கும் வேலையை ஊரில் யார் செய்வது? இளைஞர்கள் முன்னே வர வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான இளைஞர்களின் பெயரில் நிலம் இல்லை. வயலில் என்ன செய்வது என்ற முடிவு வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்த முடிவு இன்னும் தூரம். நிலமே இல்லாமல், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தொடங்கக்கூடிய வேலைகள் மழையை அளப்பதும், மண்ணைச் சோதிப்பதும், விதையைச் சோதிப்பதும்தான்.

முதலில் மழைமானி. கடையில் வாங்க வேண்டியதில்லை. பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். மேல்பகுதி குறுகத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, புனல் போல உள்ளே செருகுங்கள். இந்தப் புனல் இருந்தால் சேர்ந்த நீர் வெயிலில் ஆவியாவது குறையும். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, கற்கள் மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த நீர்மட்டத்தைப் பூஜ்யம் என்று குறியுங்கள். அங்கிருந்து மேலே அளவுகோலை ஒட்டினால், ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. ஒவ்வொரு முறை படித்த பிறகும் நீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மழையில்லாத நாள்களில் அந்த அடிநீரும் வற்றும். மறந்துவிட்டால் அடுத்த மழை குறைவாகவே பதிவாகும்.

பக்கங்கள் சரிவாக உள்ள பாத்திரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வாய் 11.3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு புனலை எந்தக் குப்பியின் மேலும் வையுங்கள். அந்த வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். குப்பியில் சேரும் ஒவ்வொரு 10 மில்லிலிட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை. மருந்துக் கடை ஊசிக்குழாயால் அளந்துவிடலாம்.

மழைமானி பெரும்பாலும் கெட்டுப்போவது வைக்கும் இடத்தால். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைத்தால் எண் பொய்யாகும். அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். வாய் மட்டமாக இருக்கட்டும். தரையிலிருந்து சேறு தெறிக்காத உயரம் வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் படித்து எழுதுங்கள். மழை இல்லாத நாளுக்கும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா அல்லது ஆள் போகவில்லையா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. ஓர் ஊருக்கு ஒரு மழைமானி போதாது. திடீர் மழை ஒரு கிலோமீட்டருக்குள் மாறும். நான்கு திசைக்கு நால்வர் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். காய்ந்த மண்ணில் 25 மில்லிமீட்டர் மழை முழுக்க இறங்கினால், மணற்பாங்கான மண்ணில் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழமும், மணலும் களியும் கலந்த இருமண்பாட்டில் 18 சென்டிமீட்டரும், களிமண்ணில் 10 முதல் 12 சென்டிமீட்டரும் நனையும். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தூறலை நம்பி விதைப்பதுதான் பெரிய இழப்பு. மேல்மண் நனைந்து விதை முளைத்துவிடும். வேர் இறங்கக் கீழே ஈரம் இருக்காது. மானாவாரி நிலத்தில் பலர் கடைப்பிடிக்கும் விதி: மூன்று நாள்களுக்குள் மொத்தம் 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்திருக்க வேண்டும். அதோடு மண்வெட்டியால் ஓரிடத்தில் வெட்டிப் பார்த்து, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஈரம் தொட்டால் விதைக்கலாம். அடுத்த ஐந்து நாள் வானிலை முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். பத்து நாளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பில் நாள் குறித்துச் சொல்லும் மழையை நம்பி விதையை இறைக்க வேண்டாம்.

பெய்தது மண்ணுக்குள் போனதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, இரு பக்கமும் திறந்த ஒரு வளையம் வேண்டும். பெரிய தகர டப்பாவோ குழாய்த் துண்டோ எடுத்துக்கொள்ளலாம். மேலே மரக்கட்டையை வைத்துத் தட்டி, 7 அல்லது 8 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். இது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். தாள் இல்லாமல் ஊற்றினால் நீர் விழும் வேகத்தில் மண் கலங்கி, துளைகள் அடைத்துக்கொள்ளும். முதல் நீர் முழுக்க இறங்கியதும் மறுபடி அதே அளவு ஊற்றுங்கள். இந்த இரண்டாவது நீர் இறங்கும் நேரம்தான் கணக்கு. காய்ந்த மண் முதல் நீரை எப்படியும் குடித்துவிடும். வண்டித் தடத்திலும் வெடிப்பின் மேலும் சோதிக்காதீர்கள். ஒரு வயலில் மூன்று இடமாவது பாருங்கள். இரண்டாவது நீர் இறங்க ஒரு மணி நேரம் ஆனால், மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில் பாதி, வரப்பு தடுக்காவிட்டால், ஓடிப்போகும் என்று பொருள்.

மண் இப்படி இறுகுவதற்கு முக்கியக் காரணம் வெறுமையாகக் கிடப்பது. மழைத்துளி நேரே அடித்தால் மேலுள்ள மண்கட்டிகள் உடைந்து, மாவாகி, துளைகளை மூடிக் காய்ந்ததும் ஓடு போலாகிவிடும். அதைத் தடுக்கத்தான் மூடாக்கு. சதுர மீட்டருக்கு அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் அல்லது தழை போதும். ஏக்கருக்கு 2 டன். கேட்க எளிது, ஆனால் கால்நடை உள்ள ஊரில் இவ்வளவு வைக்கோலை யாரும் மண்ணில் போட மாட்டார்கள். போடச் சொல்லி வாதாடுவதும் வீண். காய்கறிப் பாத்தி, மரக்கன்றைச் சுற்றிய வட்டம் என்று சிறிதாகத் தொடங்குங்கள். மற்ற வயலில் அறுவடையின்போது பயிரின் அடித்தாளைச் சற்று உயரமாக விட்டு அறுப்பதே பெரிய உதவி.

மூடாக்கில் இரண்டு தவறுகள் நடக்கும். காய்ந்த மண்ணின் மேல் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தால், சிறு மழையெல்லாம் வைக்கோலிலேயே தங்கி ஆவியாகும். மண் நனைந்த பிறகுதான் மூட வேண்டும். தண்டை ஒட்டிப் போட்டால் அடித்தண்டு அழுகும். நான்கு விரல் இடம் விடுங்கள். இன்னொன்று, வைக்கோலை மண்ணோடு கலந்து உழுதால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் சில வாரம் வெளிறும். மேலே கிடந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இனி நெல் வயல். ஓர் இளைஞர் குழு ஊரில் மதிப்புப் பெற இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் பலன் அந்தப் பருவத்திலேயே கண்ணுக்குத் தெரியும். வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம் என்பது உழவர்களுக்குத் தெரியும். எவ்வளவு காயவிடலாம் என்பதில்தான் பயம். அந்தப் பயத்தைத் தீர்க்கப் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது வயல்நீர்க் குழாய்.

30 சென்டிமீட்டர் நீளம், 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பகுதி 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை, 2 சென்டிமீட்டர் இடைவெளியில் அரை சென்டிமீட்டர் துளைகள். துளையிட்ட பகுதி மண்ணுக்குள் போகும்படி நட்டு, குழாய்க்குள் இருக்கும் மண்ணை அடி தெரியும்வரை அள்ளிவிடுங்கள். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே, வயலின் மேடுமல்லாத பள்ளமுமல்லாத இடத்தில், ஆனால் எட்டிப் பார்க்க வசதியாக நடுங்கள். பள்ளத்தில் நட்டால் மேட்டுப் பயிர் வாடும்போதும் குழாய் நீர் இருக்கிறது என்று சொல்லும். நட்டதும் ஒரு சோதனை: வயலில் நீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள்.

நடவுக்குப் பின் முதல் இரண்டு வாரம் நீர் நிற்கட்டும், களையை அடக்கும். பிறகு வற்றவிடுங்கள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும், வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். தரை காய்ந்து தெரிந்தாலும் அந்த ஆழம் வரை வேருக்கு நீர் கிடைக்கும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை இந்த விளையாட்டு வேண்டாம். அப்போது 5 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும். வறட்சி பட்டால் பதர் கூடும். யூரியா இடுவதானால் தரை காய்ந்திருக்கும் நாளில் இட்டு, உடனே பாய்ச்சுங்கள். நீரோடு சத்தும் கீழே இறங்கும்.

இதில் பாசன நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும். இன்னொரு பலனும் உண்டு. நீர் நிற்கும் மண்ணில் ஆக்ஸிஜன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உருவாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் கூட்டும் வாயு அது. வயல் அவ்வப்போது காய்ந்தால் மீத்தேன் பாதியளவு குறையும். அதைப் போலவே வெப்பம் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு சிறிது கூடும் என்பதையும் சொல்ல வேண்டும்; ஆனாலும் மொத்தத்தில் லாபமே.

எங்கே இது சரிவராது? முறைவைத்துத் திறக்கும் வாய்க்காலை நம்பிய வயலில் வராது. 15 சென்டிமீட்டர் இறங்கிய அன்று மடையில் நீர் இல்லாவிட்டால் பயிர் போகும். கைவசம் மோட்டாரோ நம்பகமான மடையோ வேண்டும். உவர் மண்ணிலும் வேண்டாம், நீர் வற்றினால் உப்பு மேலே ஏறும். களிமண்ணில் வெடிப்பு அகலமாக விட்டுவிட்டால் அடுத்துப் பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே கீழே இறங்கி, மிச்சப்படுத்தியதெல்லாம் போய்விடும். இந்த மூன்றையும் சொல்லாமல் குழாயை மட்டும் விநியோகித்தால், முதல் பருவத்திலேயே குழுவின் பெயர் கெடும்.

விதைக்கு வருவோம். பருவம் தவறும் காலத்தில் மறுவிதைப்புக்கு விதை கையிலிருப்பது ஒரு காப்பீடு. ஊர் விதைச் சேமிப்பை இளைஞர்கள் நடத்தலாம். பெரும்பாலும் பாத்திரம் நன்றாக இருக்கும், விதைதான் போதுமான அளவு காய்ந்திருக்காது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஈரமான விதையைக் காற்றுப் புகாத டிரம்மில் அடைப்பது, சாக்கில் போட்டு வைப்பதைவிடக் கேடு: ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடித்துப் புழுங்கிச் சாகும்.

கருவியில்லாமல் ஈரத்தை அறிய ஒரு வழி. நன்றாக வறுத்து ஆறவைத்த உப்பை ஒரு கண்ணாடிக் குப்பியில் கால்பங்கு போட்டு, விதையைப் பாதிவரை நிரப்பி, மூடி நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு குப்பியின் பக்கங்களில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. அதோடு நிறுத்தாமல் மேலும் ஒன்றிரண்டு நாள் காயவையுங்கள். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்பாதீர்கள். விதை 40 டிகிரிக்கு மேல் சூடானால் முளை பாதிக்கும். காய்ந்ததும் சூட்டோடு அடைக்காமல் ஆறவிட்டு அடையுங்கள். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்புங்கள், உள்ளே காற்று குறைந்தால் பூச்சியும் குறையும்.

விதைப்புக்குப் பதினைந்து நாள் முன் முளைப்புச் சோதனை. 100 விதையை 25 வீதம் நான்கு ஈரத்துணிகளில் உருட்டி, ஈரம் காயாமல் ஏழு நாள் வைத்து எண்ணுங்கள். குறைபட்ட முளையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 80 சதவீத முளைப்புக்கு 20 கிலோ விதை என்பது வழக்கமானால், உங்கள் விதை 64 சதவீதம்தான் முளைத்தால், 20ஐ 80ஆல் பெருக்கி 64ஆல் வகுங்கள்: 25 கிலோ வேண்டும். நான்கு துணிகளில் எண்ணிக்கை பெரிதாக வேறுபட்டால் விதை ஒழுங்காகக் கலக்கவில்லை, மறுபடி செய்யுங்கள்.

எந்த ரகம் என்பதையும் சொல்கிறேன். ஒரே ரகத்தில் ஊர் முழுக்கப் போட்டால் ஒரே வறட்சி எல்லாரையும் ஒன்றாகச் சாய்க்கும். குறுகிய வயது, நடுத்தர வயது எனக் குறைந்தது இரண்டு ரகங்கள் இருக்கட்டும். வெள்ளம் வரும் பள்ள வயலுக்கு, எஃப்ஆர்13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து எடுத்த சப்1 மரபணு உள்ள நெல் வகைகள் இருக்கின்றன. முழுக்க மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் உயிர் பிடிக்கும். ஆனால் மாதக்கணக்கில் அரையளவு நீர் தேங்கும் வயலுக்கு அவை பொருந்தா. இதைக் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

எதையும் பெரியவர்களிடம் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது. மேற்கு ஆப்பிரிக்காவின் பர்கினா பாசோவில் யாகூபா சவாதோகோ என்ற உழவர், 1980களின் வறட்சியில், ஓடு கட்டிய நிலத்தில் கோடையிலேயே குழிகள் வெட்டி எருவிட்டுக் காத்திருந்தார். ஊர் சிரித்தது. குழிகளில் பயிர் விளைந்ததும், அவர் தன் வயலிலேயே உழவர்களைக் கூட்டி விதையும் அனுபவமும் பரிமாற வைத்தார். 2018இல் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. இந்தோனேசியாவில் 1989இல் தொடங்கிய உழவர் வயல்பள்ளிகளும் அப்படித்தான்: ஏறத்தாழ 25 பேர் கொண்ட குழு, பருவம் முழுக்க, வாரம் ஒருமுறை வயலிலேயே கூடி, பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணி, மருந்து தெளிக்கலாமா என்று தாங்களே முடிவெடுத்தது.

உங்கள் சோதனை வயலும் நேர்மையாக இருக்க வேண்டும். ஒரே வயலை இரண்டாகப் பிரியுங்கள். விதை, நாள், உரம் எல்லாம் ஒன்றே. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆர்வத்தில் நல்ல மண்ணைப் புதிய முறைக்கும் மேட்டுமண்ணைப் பழைய முறைக்கும் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிறது. நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். அறுவடையில் வரப்பு ஓரத்தை விட்டு, ஒவ்வொரு பாதியிலும் மூன்று இடத்தில் 5 சதுர மீட்டர் அளந்து அறுத்து, அடித்து, காயவைத்து நிறுங்கள். சராசரிக் கிலோவை 2,000ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எவ்வளவு என்று வரும். அளக்கும்போது நிலத்துக்காரரை அருகில் வையுங்கள்; தராசை அவரே பிடிக்கட்டும். பழைய முறை ஜெயித்தாலும் அப்படியே எழுதுங்கள்.

கடைசியாகக் குத்தகை. மக்கு உரமும் மூடாக்கும் மண்ணில் வேலை காட்ட மூன்று பருவமாவது வேண்டும். வாய்மொழியில் ஓராண்டுக்கு நிலம் எடுத்தவர் அதில் ஒரு கூடை எருவும் கொட்ட மாட்டார், கொட்டச் சொல்வதும் நியாயமில்லை. மண் தேறியதும் நிலத்துக்காரர் திரும்பக் கேட்கலாம். ஆகவே குழுவாக நிலம் எடுப்பதானால், மூன்று முதல் ஐந்தாண்டு என்று எழுத்தில் எடுங்கள். தொடங்கும் நாளில் செய்த நீர் இறங்கும் சோதனையின் எண்ணை அந்தத் தாளிலேயே சேர்த்து எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இடையில் நிலத்தைத் திரும்பப் பெற்றால் எருவுக்கும் உழைப்புக்கும் எந்த அளவில் ஈடு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.